வெய்கா பத்து வருவதற்குள்

போன் வருவதற்கு முன்னால் கவர் வந்துவிடும். இந்தத் தொழிலில் இல்லாதவர்களுக்கு இது வேடிக்கையாகத்தான் இருக்கும், ஆனால் கடல் தாண்டி எங்கேயோ கவர் வார்க்கிறவர்கள், கம்பெனிக்காரன் பூட்டிப் பூட்டி வைத்திருக்கிற அளவை எப்படியோ மோப்பம் பிடித்து, நீளம் இவ்வளவு, அகலம் இவ்வளவு, பின்னால் கேமராவுக்கு ஓட்டை இத்தனை என்று அச்சுப் போட்டு, மூன்று நான்கு மாதம் முன்னாலேயே மொத்த வியாபாரிக்கு ஒரு சாம்பிள் அனுப்பிவிடுவார்கள். அவன் அதைச் சென்னையிலிருந்து பார்சலில் போட, அது கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருக்கிற அருளப்பன் அண்ணாச்சியின் கவர் கடைக்கு வந்து சேரும். அந்த வெற்றுக் கவரை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, இன்னும் பிறக்காத போனைப் பற்றி நாங்கள் பேசிய பேச்சு கொஞ்சநஞ்சமல்ல.

நாங்கள் என்றால் வெய்கா ரசிகர் மன்றம், கோவில்பட்டி கிளை. கிளை என்று நாங்களாக வைத்துக்கொண்டதுதான், தலைமை எங்கே என்று இதுவரை ஒருத்தரும் கேட்டதில்லை. தலைவர் அருளப்பன் அண்ணாச்சி. செயலாளர் நான், தெய்வக்கனி, பக்கத்துக் கடையில் ரீசார்ஜும் ஜெராக்ஸும் பார்க்கிறவள். ஆட்டோ ஓட்டுகிற சுடலைமணி, ஒரு குமிழிகூட விழாமல் டெம்பர் கிளாஸ் ஒட்டுகிற நூர்தீன், இன்னும் பத்துப் பதினைந்து பேர். இத்தனை பேரில் புத்தம் புது வெய்கா போனைக் கடையில் போய் வாங்கியவர் என்று யாரும் கிடையாது. என் கையில் இருந்ததே யாரோ விற்றுவிட்டுப் போன வெய்கா ஆறு, மூலையில் கண்ணாடி விட்டது. அதனால் என்ன, சினிமா ரசிகன் எல்லாம் நடிகனோடு ஒரே வீட்டிலா குடியிருக்கிறான்?

கடை வாசலில் ஒரு கரும்பலகை உண்டு. மற்ற இடங்களில் பொன்மொழி எழுதுவார்கள், நாங்கள் ‘இன்றைய வதந்தி’ எழுதுவோம். தினமும் சாயங்காலம் ஐந்து மணிக்கு டீயோடு கூடி, யார் எங்கே எதைப் படித்தார்கள், எந்த நாட்டுக்காரன் எந்த வீடியோவில் என்ன உளறினான் என்று அலசி, ஒன்றைத் தேர்ந்தெடுத்ததும் அண்ணாச்சி தன் முத்து முத்தான கையெழுத்தில் எழுதுவார்: இரண்டாக மடக்கலாமாம், சார்ஜர் தர மாட்டார்களாம், வெயிலில் வைத்தால் தானே ஏறிக்கொள்ளுமாம். சட்டம் ஒன்றே ஒன்றுதான். வதந்தியை நாமாகக் கட்டக் கூடாது, எவனாவது சொல்லியிருக்க வேண்டும், நாம் கேட்டிருக்க வேண்டும். போனுக்கு வாசனை வரப்போகிறது, மல்லிகை ஒன்று சந்தனம் ஒன்று என்று சுடலைமணி சொந்தமாக ஒன்றை அவிழ்த்துவிட்டதற்கு, ஒரு மாதம் அவனைப் பலகைப் பக்கமே அண்ணாச்சி அண்டவிடவில்லை. பொய் வேறு, வதந்தி வேறு என்பார்.

அண்ணாச்சியின் மனைவி சலேத்மேரி, எங்களுக்கெல்லாம் சலேத்தக்கா. இரண்டு சிறுநீரகமும் வேலையை நிறுத்தி இரண்டு வருஷமாகிவிட்டது. செவ்வாயும் வெள்ளியும் திருநெல்வேலிக்குப் போய், நாலு மணி நேரம் மெஷினில் ரத்தத்தைச் சுத்தம் பண்ணிக்கொண்டு வர வேண்டும். அந்த இரண்டு நாளும் அண்ணாச்சி கடையை நூர்தீனிடம் விட்டுவிட்டுக் கூடவே போவார், மெஷின் ஓடுகிற நேரம் பூராவும் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, அந்த வாரத்து வதந்திகளை ஒன்று விடாமல் அக்காவுக்கு வாசித்துக் காட்டுவார். அக்காவுக்குப் போனில் அணைக்கிற பட்டன் எது என்றுகூடத் தெரியாது, அந்தப் பேச்சில் அவளுக்கு ஒரு எழவும் பிடித்தம் கிடையாது. ஆனாலும் கண்ணை மூடி ‘ம்’ கொட்டிக்கொண்டே கிடப்பாள், இவர் நிறுத்தினால் கண்ணைத் திறந்து, “பெறவு?” என்பாள். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை.

பொங்கல் முடிந்த மறுவாரம் வெய்கா பத்துக்கான சாம்பிள் வந்தது. கறுப்புக் கவர், முதுகில் மூன்று ஓட்டை. இரண்டு அடுத்தடுத்து, மூன்றாவது மட்டும் கோபித்துக்கொண்டு தள்ளி உட்கார்ந்த மாதிரி தனியாக. போன் சித்திரையில் வெளியாகும் என்பதுதான் அப்போது உலகம் பூராவும் பேச்சு. மூன்றாவது ஓட்டை எதற்கு என்று ஐந்து நாள் மண்டையை உடைத்துக்கொண்டோம். காய்ச்சல் பார்ப்பதற்கு என்றான் நூர்தீன், சுவருக்கு அந்தப் பக்கம் பார்ப்பதற்கு என்றான் சுடலைமணி. ஆறாம் நாள், மருமகனுக்குக் கவர் வாங்க வந்த ஒரு பெண், தூசி இருக்கிறதா என்று அந்த ஓட்டையைக் கண்ணில் வைத்துப் பார்த்துவிட்டு, ஒரு வழியாக பஸ் ஸ்டாண்டுக்குக் கூரை போட்டுவிட்டார்கள் போலிருக்கிறதே என்று சாதாரணமாகச் சொல்லிக் கவரைக் கீழே வைத்தாள். வெளியே பஸ் ஸ்டாண்டு வெறும் தூணாக நின்றது, மூன்று வருஷமாக நிற்கிற மாதிரியே.

நாங்கள் ஒவ்வொருவராக வாங்கிப் பார்த்தோம். கூரை இருந்தது. கூரைக்குக் கீழே ஜனம் வெயிலுக்கு ஒதுங்கி நின்றது, எதிர்ச் சுவரில் கோடைப் பொருட்காட்சி போஸ்டர் பாதி கிழிந்து தொங்கியது, கடைப் பக்கம் திருப்பினால் வாசலில் ஒரே கூட்டம், நூர்தீன் யாருடைய புதுப் போனுக்கோ கிளாஸ் ஒட்டிக்கொண்டிருந்தான். போன் என்றைக்கு வெளியாகப்போகிறதோ அன்றைக்கு ஒரு இடம் எப்படி இருக்குமோ, அப்படியே அந்த ஓட்டை காட்டுகிறது என்று அப்போதுதான் புரிந்தது. அந்த நாளுக்கென்று செய்த கவர், அந்த நாளைத்தானே காட்டும் என்றார் அண்ணாச்சி, அதற்குமேல் அதில் ஆராய என்ன இருக்கிறது என்று நாங்களும் டீயைக் குடித்தோம். சுவருக்கு அந்தப் பக்கம் தெரியவில்லையே என்று சுடலைமணிக்கு மட்டும் வருத்தம்.

அண்ணாச்சி அதை விற்கவில்லை. பாங்கில் பேனாவைக் கட்டிப்போடுகிற மாதிரி நைலான் கயிற்றால் மேசையில் கட்டிப்போட்டார், வேண்டியவர்கள் கேட்டால் அவிழ்த்துக் கொடுத்து, பொழுது சாய்வதற்குள் கொண்டுவந்துவிட வேண்டும் என்று சொல்லி அனுப்புவார். ஊர் வந்தது. கரிசல் காட்டுச் சம்சாரிகள் வந்து வாங்கிப்போய்த் தங்கள் புஞ்சையில் நின்று, கோடை மழை விழுந்த ஈரம் தெரிகிறதா என்று மண்ணைத் தேடினார்கள். தேர்தலுக்கு நோட்டீஸ் அடித்துக்கொண்டிருந்த கவுன்சிலர் வந்து தன் வீட்டு வாசலைப் பார்த்து, அங்கே ஒரு ஜோடி செருப்புகூடக் கிடக்காததைக் கண்டு நோட்டீஸை நிறுத்தினார். இன்ஸ்பெக்டர் வந்து ஸ்டேஷனில் தன் நாற்காலியைப் பார்த்து, அதில் வேறு ஒருவர் உட்கார்ந்திருக்கக் கண்டு, வீட்டுச் சாமானைக் கட்ட ஆரம்பித்தார். முப்பது வயது தாண்டிய மகளை வைத்திருந்த ஒரு தாய் தன் வாசலில் பந்தக்கால் நிற்பதைப் பார்த்துவிட்டு ரோடு பூராவும் அழுதுகொண்டே திரும்பி வந்தாள். தன் பிழைப்பில் மண் விழுந்தது என்று சண்டைக்கு வந்த ஜோசியர், கூட்டமில்லாத மத்தியான நேரமாகப் பார்த்து வந்து கவரை வாங்கிக்கொண்டு போனார். பங்குச் சாமியார் பூசையில் இதைக் கடுமையாகக் கண்டித்துப் பேசிவிட்டு, கோபுரத்துக்குப் பூச்சு வேலை முடிகிறதா என்று பார்த்து வர ஆள் அனுப்பினார்.

ஒரு மாதத்தில் எல்லாம் பழகிவிட்டது. எதற்கும் ஒரு எட்டு பார்த்துவிட்டு வந்துவிடுவோம் என்று, காய்ச்சலுக்கு நெற்றியில் கை வைக்கிற மாதிரி ஜனங்கள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். சித்திரை என்று சொல்வதையே விட்டுவிட்டு, போன் வர்ற அன்னைக்கு, போன் வர்றதுக்கு முந்தி, போன் வந்த பெறவு என்றுதான் காய்கறிக் கடையில்கூடப் பேச்சு. எங்களுக்கு இது புதிதில்லை, மன்றத்தில் பத்து வருஷமாக நாங்கள் நாள் எண்ணியதே அப்படித்தான். ஊரே எங்கள் வழிக்கு வந்துவிட்டது என்று எனக்கு ஒரே மிதப்பு.

அதை ஒரு நாள் வீட்டுக்குக் கொண்டு வாங்களேன் என்று சலேத்தக்காதான் கேட்டாள். கொல்லையில் அவள் வைத்த கொய்யா மூன்று வருஷமாகப் பூக்கிறது, உதிர்கிறது, ஒரு பிஞ்சு நிற்பதில்லை. அது காய்க்குமா காய்க்காதா என்று பார்க்க வேண்டுமாம். மாசி கடைசி ஞாயிற்றுக்கிழமை அண்ணாச்சி கவரைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போனார், கறிக்குழம்புக்கு அக்கா கூப்பிட்டிருந்ததால் நானும் போயிருந்தேன். கொல்லைப்படியில் நின்று அவர் மரத்தைப் பார்த்தார், காய்ச்சிருக்கு, உனக்கு மூணு, எனக்கு முப்பது என்று அக்காவைக் கேலி பண்ணினார், பண்ணிக்கொண்டே கவரை வீட்டுப் பக்கம் திருப்பியவர் அப்படியே நின்றுவிட்டார். என்ன தெரிகிறது என்று கேட்டதற்கு, ஒன்றும் தெளிவாகத் தெரியவில்லை, ஓட்டையில் தூசி அடைத்திருக்கிறது என்று வேட்டி நுனியால் துடைக்க ஆரம்பித்தார்.

அக்கா அவர் கையிலிருந்து கவரை வாங்கினாள். மரத்தைப் பார்த்தாள், வீட்டைப் பார்த்தாள், வீட்டை ரொம்ப நேரம் பார்த்தாள். “கொய்யா எல தெரியாம காச்சிருக்கு” என்று சொல்லி என்னிடம் கொடுத்துவிட்டுக் குழம்பைச் சூடு பண்ண உள்ளே போனாள். நானும் பார்த்தேன். பார்த்திருக்க வேண்டாம். முன் அறைச் சுவரில் அக்காவின் போட்டோ, காகித மாலை, சுற்றிலும் சின்னச் சின்னதாக சீரியல் பல்பு மினுங்குகிறது, அவள் சாய்ந்து உட்காருகிற பிரம்பு நாற்காலி இருந்த இடத்தில் கவர் அட்டைப் பெட்டிகள் அடுக்கியிருக்கின்றன. குழம்பு ஆறுகிறது, வந்து உட்காருங்கள் என்று அடுப்படியிலிருந்து அக்கா கூப்பிட்டாள்.

மறுநாள் சாயங்காலம் மன்றம் கூடியது. அண்ணாச்சி முகத்தைப் பார்த்து யாரும் டீக்குச் சொல்லவில்லை. நான்தான் எல்லோருக்கும் விஷயத்தைச் சொன்னேன். அண்ணாச்சி எழுந்து போய்ப் பலகையைத் துடைத்தார், சாக்பீஸை எடுத்து, ‘வெய்கா பத்து பேட்டரி கொதிக்கிறது. வெளியீடு தள்ளிப்போகிறது’ என்று எழுதினார். எழுத்து முத்து முத்தாகத்தான் இருந்தது. சுடலைமணி மெதுவாகக் கேட்டான், “எவன் சொன்னான் அண்ணாச்சி?”

“நான் சொல்லுதேன்” என்றார்.

கணக்கு எங்களுக்குத் தெளிவாக இருந்தது, ஒருத்தருக்காவது ஒரு நிமிஷம் சந்தேகம் வரவில்லை. போன் வருகிற அன்றைக்கு அக்கா இல்லை. அப்படியானால் போன் வரக் கூடாது. அது வராத வரைக்கும் அக்கா இருப்பாள். வெளியீட்டு நாள் ஒன்றைத் தவிர வேறு நாளே காலண்டரில் இல்லாத ஜென்மங்களுக்கு வேறு எப்படித் தோன்றும்? தள்ளிப் போட வேண்டும், ஒரு மாதம், இரண்டு மாதம், முடிந்தால் ஒரு வருஷம். உலகத்திலேயே வெய்கா பத்துக்காக அதிகம் ஏங்கிய கூட்டம், அது வந்துவிடக் கூடாது என்று அன்றைக்கு இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு இறங்கியது.

பலகையைப் போட்டோ எடுத்து நெட்டில் போட்டோம். முதல் நாள் நாற்பது பேர் பார்த்தார்கள், நாலாம் நாள் நாற்பதாயிரம். பேட்டரி கொதிக்கிறது, திரை பிரிந்து வருகிறது, மழையில் நனைந்தால் தானாக யாருக்கோ போன் போகிறது என்று நாளுக்கு ஒன்றாக அண்ணாச்சி எழுத, அதை எந்தெந்த ஊர்க்காரனோ தன் தன் பாஷையில் மாற்றிப் போட்டு, ‘இந்தியாவில் உள்ள நம்பகமான வட்டாரம்’ என்று எங்களைக் குறிப்பிட்டான். விஷயம் கோவில்பட்டியில் பரவியபோது ஊர் எங்களைத் திட்டும் என்றுதான் நினைத்தேன். ஊர் வேலையைப் பங்கு போட்டுக்கொண்டது. பாலிடெக்னிக் வாத்தியார் ஒருவர் வந்து பேட்டரி எப்படிக் கொதிக்கும் என்று நம்பும்படியாக எழுதிக் கொடுத்தார். பந்தக்கால் பார்த்த தாய் தன் வீட்டுக் கல்யாணம் போன் வந்தால்தானே என்று ஒரு வார்த்தை முனகாமல், தினமும் எங்களுக்கு வடை கொடுத்தனுப்பினாள். சாமானெல்லாம் கட்டி வைத்திருந்த இன்ஸ்பெக்டர், வதந்தி பரப்பியதாக எவனாவது புகார் கொடுத்தால் தான் பார்த்துக்கொள்வதாகச் சொல்லி அனுப்பினார். ஜோசியர், இப்போது வெளியிட்டால் கம்பெனிக்கு ஆகாது என்று ஜாதகமே கணித்துக் கொண்டுவந்தார். பங்குச் சாமியார் மன்றாட்டில் பெயர் சொல்லாமல், எது தாமதிக்க வேண்டுமோ அது தாமதிக்கட்டும் என்று ஜெபித்தார், பள்ளிவாசலிலும் பத்திரகாளி கோயிலிலும் அதையே வேண்டிக்கொண்டார்கள். ஒரு பெண்ணுக்காக ஒரு ஊர் பூராவும் பொய் சொன்னது. அவ்வளவு நல்ல ஜனம்.

கம்பெனி மறுத்தது. மறுக்கிறான் என்றால் ஏதோ இருக்கிறது என்றது உலகம். அதைப் பிடித்துக்கொண்டு நாங்கள் இன்னும் நாலு எழுதினோம். அண்ணாச்சி காலை எட்டு மணிக்குப் பலகை முன்னால் நின்றால் மூன்று போனை மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டு, பதில் போட்டுக்கொண்டு, சாப்பாட்டைக்கூடக் கடைக்கே கொண்டுவரச் சொல்லி, கண் இரண்டும் பழுத்துப்போய்க் கிடந்தார். திருநெல்வேலிக்குப் போக அவருக்கு நேரமில்லை. ஒரு நாள் விட்டால் பேச்சு அடங்கிவிடும், அடங்கிவிட்டால் போன் வந்துவிடும் என்று பயந்தார். செவ்வாய்க்கிழமை அக்காவோடு நான் போனேன், வெள்ளிக்கிழமை சுடலைமணியின் பெண்சாதி போனாள். கவரை எடுத்து மறுபடி பார்க்கிற தைரியம் ஒருத்தருக்கும் வரவில்லை, பீரோவில் வைத்துப் பூட்டியாகிவிட்டது.

பங்குனியில் ஒரு செவ்வாய்க்கிழமை. அக்கா மெஷினில் படுத்திருந்தாள், நான் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து என் போனில் முழுகிக் கிடந்தேன், எவனோ ஒருத்தன் நாங்கள் சொல்வது பொய் என்று சவால் விட்டிருந்தான், அவனை நாறடித்துக்கொண்டிருந்தேன். அக்கா கூப்பிட்டது இரண்டாவது தடவைதான் காதில் விழுந்தது. ஓட்டையில் அன்றைக்கு என்ன பார்த்தாய் என்று கேட்டாள். தானும் பார்த்ததாகச் சொன்னாள், போட்டோவுக்கு அந்தப் பச்சைச் சேலைப் படத்தைப் போட்டிருக்கிறார், அதில் தன் முகம் நன்றாகவே இல்லை என்று சிரித்தாள். பிறகு சிரிக்காமல் சொன்னாள்.

“கனி, அவுக எனக்காகத்தான் அலையுதாக, எனக்குத் தெரியும். ஆனா இந்த நாலு மணி நேரம் பக்கத்துல உக்காந்து வாசிப்பாகள்லா, எனக்கு அது போதும். இப்ப ஊருக்கே வாசிக்காக, எனக்கு இல்ல. நான் கேட்டா அழுதுருவாக. நீ சொன்னா கேப்பாக. போன் வந்தா வந்துட்டுப் போவுது, எங்கூட வரச் சொல்லு.”

சொல்கிறேன் என்றேன். அன்றைக்குத் திரும்பி வந்தபோது கடையில் பெரிய கூட்டம், அண்ணாச்சி நாற்காலி மேல் ஏறி நின்று யாருக்கோ வீடியோவில் பேசிக்கொண்டிருந்தார், காலையில் சொல்லிக்கொள்ளலாம் என்று வீட்டுக்குப் போய்விட்டேன். காலையில் செய்தி வந்துவிட்டது. வாடிக்கையாளர்களுக்குச் சிறந்த அனுபவத்தைத் தரும் பொருட்டு வெய்கா பத்து வெளியீடு ஆவணி மாதத்துக்குத் தள்ளி வைக்கப்படுகிறது என்று கம்பெனியே அறிவித்துவிட்டது. பஸ் ஸ்டாண்டில் வெடி வெடித்தார்கள். கடலை மிட்டாய்க் கடைக்காரர் ஒரு தட்டு நிறைய அள்ளி வந்து போகிற வருகிறவர்களுக்கெல்லாம் கொடுத்தார், சுடலைமணி அன்றைக்கு யாரிடமும் ஆட்டோவுக்கு வாங்கவில்லை, அண்ணாச்சி பலகையைக் கட்டிக்கொண்டு குழந்தை மாதிரி அழுதார். அந்தச் சந்தோஷத்தில் தலைகால் புரியாமல் ஆடிய எனக்கு, அக்கா சொன்னது ஞாபகம் வராமல் இல்லை. வந்தது. ஆவணி வரைக்கும் காலம் கிடக்கிறதே, ஆற அமரச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன், அந்த நேரத்தில் சொன்னால் அவர் சந்தோஷம் கெட்டுப்போகும் என்றும் நினைத்தேன். நினைத்த நெஞ்சில் புழு விழ வேண்டும்.

அண்ணாச்சி ஓயவும் இல்லை. ஆவணியை மார்கழியாக்க வேண்டும் என்று மறுநாளே அடுத்த வதந்தியை எழுதினார். அந்த வெள்ளிக்கிழமையும் அவர் போகவில்லை. அடுத்த செவ்வாய் நான்தான் அக்காவோடு போனேன். அக்கா என்னிடம் எதுவும் கேட்கவில்லை, போகும்போதும் கேட்கவில்லை, மெஷினில் படுத்தபோதும் கேட்கவில்லை, கேட்டிருந்தால்கூடத் திட்டு வாங்கிக்கொண்டு உண்மையைச் சொல்லியிருப்பேனோ என்னவோ. சும்மா என் முகத்தைப் பார்த்தாள். ஒரு மாதமாகப் பொய் சொல்லிப் பழகிய நாக்கு எனக்கு. அண்ணாச்சியிடம் சொல்லிவிட்டேன், வெள்ளிக்கிழமை வருகிறேன் என்று சொன்னார் என்றேன். அக்கா “அப்படியா” என்றாள், கண்ணை மூடிக்கொண்டாள். திரும்பி வருகிற வழியெல்லாம் பஸ்ஸில் என் கையைப் பிடித்துக்கொண்டே வந்தாள். வந்ததும் சொல்லிவிட வேண்டும் என்று சத்தியமாக நினைத்தேன், புதன்கிழமை இரண்டு தடவை கடை வாசல் வரைக்கும் போனேன், இரண்டு தடவையும் அவர் போனில் இருந்தார்.

வியாழக்கிழமை விடிந்தபோது சலேத்தக்கா எழுந்திருக்கவில்லை. தூக்கத்திலேயே போய்விட்டாள்.

யாருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. கல்லறைத் தோட்டத்தில் ஊரே நின்றது, ஏமாற்றப்பட்ட மாதிரி ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தோம், போன்தான் வரவில்லையே, வருவதற்கு இன்னும் அஞ்சு மாசம் கிடக்கிறதே என்று சுடலைமணி வாய்விட்டே புலம்பினான். நூர்தீன்தான் மண்ணைப் பார்த்துக்கொண்டு சொன்னான், அந்த ஓட்டை போன் வருகிற அன்றைக்கு அக்கா இல்லை என்றுதானே சொன்னது, அது வரைக்கும் இருப்பாள் என்று சொல்லவே இல்லையே என்று. அதைக் கேட்க எத்தனை எளிதாக இருக்கிறது பாருங்கள், ஒரு சின்னப் பிள்ளையைக் கேட்டிருந்தால் சொல்லியிருக்கும். அண்ணாச்சி காதில் அது விழுந்ததா என்று தெரியவில்லை. அவர் குனிந்து ஒரு பிடி மண்ணை எடுத்தார், போட மறந்து அப்படியே நின்றார், சாமியார் வந்து கையைத் திறந்துவிட்டார்.

அதற்குப் பிறகு மன்றம் கூடவில்லை. பஸ் ஸ்டாண்டுக்குக் கூரை போட்டார்கள், இன்ஸ்பெக்டருக்கு மாற்றல் வந்தது, முப்பது தாண்டிய அந்தப் பெண்ணுக்கு ஆவணி முகூர்த்தம் குறித்துப் பந்தக்கால் நட்டார்கள், ஊர் எல்லாவற்றுக்கும் போய் வந்தது. ஆவணியில், கம்பெனி சொன்ன தேதியில், வெய்கா பத்து வெளியானது. மூன்றாவது கேமரா எதற்கு என்றால் கிட்டத்தில் இருக்கிற பூ, பூச்சி இதையெல்லாம் பெரிதாக எடுப்பதற்காம். எங்களில் ஒருத்தருக்கும் அது தோன்றவில்லை.

அன்றைக்குக் காலையில் அண்ணாச்சி கடையைத் திறந்தார். கவர் மூட்டைகள் முதல் நாளே வந்து இறங்கியிருந்தன, வாசலில் கூட்டம் சேர ஆரம்பித்துவிட்டது, நூர்தீன் கிளாஸ் ஒட்ட உட்கார்ந்துவிட்டான். உதவிக்கு நானும் போனேன். அண்ணாச்சி பீரோவிலிருந்து பழைய சாம்பிளைக் கொண்டுவந்திருந்தார், கண்ணில் வைத்துக் கடையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பஸ் ஸ்டாண்டைப் பார்த்தார். அங்கே இருந்ததுதான் தெரிந்தது போல, மற்ற கவர்களோடு அதையும் கொக்கியில் தொங்கவிட்டார். பிறகு என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார்.

“கனி, ஒண்ணு கேக்கணும். ஆஸ்பத்திரிப் பையை இத்தன நாள் நான் தொடல. நேத்துதான் தெறந்து பாத்தேன். உள்ள ரெண்டு டிபன் பாக்ஸ் கழுவித் தொடச்சு வச்சிருக்கா. நீ கேன்டீன்ல சாப்புடுத ஆளு. சுடலைமணி பொண்டாட்டி வெறும் டீயோட சரி. யாருக்குன்னு ரெண்டு வச்சிருக்கா?”

இதற்கு மேலும் பொய் சொல்ல என்னால் ஆகவில்லை. அழுகையை அடக்கிக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன், அக்கா கேட்டதை, நான் ஒத்துக்கொண்டதை, சொல்லாமல் விட்டதை, வெள்ளிக்கிழமை அண்ணாச்சி வருவார் என்று நான் அவளிடம் சொன்ன பொய்யை. அவர் செருப்பைக் கழற்றி அடித்திருந்தால் எனக்கு ஆறியிருக்கும். கையை மேசைமேல் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டே இருந்தார்.

“அப்ப நான் வருவேன்னு நெனச்சுக்கிட்டேதான் படுத்திருக்கா” என்றார்.

“ஆமா அண்ணாச்சி.”

வாசலில் யாரோ நீல நிறத்தில் கவர் இருக்கிறதா என்று கேட்டார்கள், அது அவர் காதில் ஏறவில்லை.

“அவ ஒங்கிட்ட மொதல்ல சொன்னது எந்தச் செவ்வாய்?”

சொன்னேன். வெடி வெடித்ததற்கு முதல் நாள் என்றேன். அவர் விரலை மடக்கினார். ஒரு வெள்ளி, ஒரு செவ்வாய்.

“ரெண்டு தடவ போயிருக்கலாம் கனி” என்றார்.

நீலக் கவர் கேட்டவர் மறுபடியும் கேட்டார். அண்ணாச்சி எழுந்து போய் எடுத்துக் கொடுத்தார்.